கொச்சிக் கரையின் மீனவர் வழக்காறுகள்: பெயர்ச் சான்றும் வாய்மொழி வரலாறும்

கொச்சியின் வரலாறு பெரும்பாலும் கோட்டை, அரண்மனை, பண்டகசாலை ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1500-இல் கப்ராலின் கப்பல்கள் வந்தமை, 1503-இல் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டியமை, 1555-இல் அவர்கள் அரசருக்கு மட்டாஞ்சேரியில் அரண்மனை எழுப்பிக் கொடுத்தமை, 1568-இல் பரதேசி யூதர் தம் தொழுகைக் கூடத்தை அமைத்தமை, 1663-இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றியமை, 1795-இல் அது ஆங்கிலேயர் வசமானமை என்று செல்லும் அவ்வரிசையில், அதே கரையில் வலையிட்டு வாழ்ந்த முக்குவர், அரயர், வாலர் முதலியோர் இடம்பெறுவது அரிது. அவர்கள் ஆவணம் எழுதும் நிலையில் இருந்தவர்கள் அல்லர்; பிறர் எழுதிய ஆவணங்களிலும் சுமைகூலிகளாகவும் படகோட்டிகளாகவும் ஓரிரு வரிகளில் வந்து மறைபவர்கள்.

எனவே இக்கரை மக்களின் வரலாற்றைத் தேடுவோர்க்கு எஞ்சுவன மூன்று: இடங்களுக்கும் கருவிகளுக்கும் வழங்கும் பெயர்கள், வாய்மொழிக் கதைகள், கூத்துச் சுவடிகள். இவற்றைச் சான்றாகக் கொள்வதில் இடர் உண்டு. ஒரு பெயர் உண்மையைக் காட்டலாம். அதே பெயர் ஆய்வாளரை நெடுந்தொலைவு வழிதவறச் செய்யவும் கூடும். கொச்சியில் இவ்விரண்டுமே நிகழ்ந்துள்ளன.

வைப்பு

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். 'கொச்சு அழி', அதாவது சிறிய கழிமுகம் என்பதிலிருந்து கொச்சி என்ற பெயர் வந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. தமிழில் 'அழி' இப்பொருளில் வழக்கிழந்துவிட்டது. ஆயினும் 'கழி', 'ஆழி' ஆகிய சொற்களை அறிந்த தமிழருக்கு இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றாது. 1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணலால் தூர்த்து, கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்தது என்பது மரபு. அவ்வெள்ளத்தில் மேலெழுந்த நிலமே வைப்பின் தீவு என்றும் கூறுவர். அந்நிகழ்ச்சியை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்ற பெயரில் ஓர் ஆண்டுக்கணக்கும் வழங்கிற்று. இயற்கைச் சீற்றம் ஒன்றை முதலாண்டாகக் கொண்டு காலத்தைக் கணக்கிடுவது அரிய வழக்கமாகும். அரசனின் முடிசூட்டுவிழாவைவிடக் கடலும் ஆறும் செய்த வேலையே கரையோர மக்களின் வாழ்வை மாற்றியது என்பதற்கு இக்கணக்கு ஒரு மறைமுகச் சான்று எனலாம்.

'வைப்பு' என்ற சொல் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆறு கொண்டுவந்து வைத்தது வைப்பு. புவியியலார் இன்று வண்டல் படிவு என்று கூறுவதை, பெயரிட்ட மக்கள் நீரின் செயலாகவே கண்டு ஒரு தொழிற்பெயரில் அடக்கியுள்ளனர். கடல் நிலத்தைக் கொடுக்கும், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற இக்கருத்து கொச்சியோடு நின்றுவிடவில்லை. கொழும்பில் கொச்சிக்கடை என்னும் பகுதி உண்டு. கொச்சியைச் சேர்ந்தோரின் கடை என்பதால் வந்த பெயர். அங்குள்ள புனித அந்தோனியார் கோயிலின் தோற்றக்கதை கொச்சியிலிருந்து சென்ற ஒரு பாதிரியாரோடு தொடர்புடையது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் ஒளிந்து வாழ்ந்த காலத்தில், வணிகர் வேடத்தில் வந்த அந்தோனியோ என்ற குருவானவரை முகத்துவாரப் பகுதி மீனவர் கண்டு, கடலரிப்பைத் தடுத்துத் தந்தால் அவரைக் காப்பதாகக் கூறினர். அவர் கரையில் சிலுவையை நட்டு மூன்று நாள் வேண்ட, கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது என்பது கதை. கொச்சியில் வெள்ளம் வைத்த வைப்பும் கொழும்பில் வேண்டுதல் வைத்த வைப்பும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை. இக்கதையைச் சமய அற்புதமாக மட்டும் படிப்போர், கடலரிப்பை முதலில் நிறுத்திக் காட்டுமாறு கேட்ட மீனவரின் பேரத்தைக் காணத் தவறிவிடுவர்.

இடையில் ஒரு சொல்லையும் சுட்டவேண்டும். இலங்கைத் தமிழில் மிளகாய்க்குக் 'கொச்சிக்காய்' என்ற பெயர் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்த அக்காய், இலங்கைக்குக் கொச்சி வழியாகச் சென்றது என்பதைச் சுங்கப் பதிவேடு எதனையும்விட இச்சொல் தெளிவாகக் கூறுகிறது.

மாகுவான் கண்ட மக்கள்

கொச்சி மீனவரைப் பற்றிய மிகப் பழைய அயலவர் குறிப்புகளுள் ஒன்று சீன மொழியில் உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செங் ஹோவின் கடற்பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மாகுவான், தம் பயணநூலில் கொச்சி நாட்டு மக்களை ஐந்து வகையினராகப் பிரித்துக் கூறுகிறார். அவற்றுள் 'சே-தி' என்பது செட்டி. 'கோ-லிங்' என்பது தரகுத் தொழில் செய்தோர். கடைசியாக வரும் 'மு-குவா' என்பது ஐயத்திற்கு இடமின்றி முக்குவரே. முக்குதல் என்பது நீரில் அமிழ்த்தல். மலையாளக் கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும், மட்டக்களப்பு, புத்தளம் பகுதிகளிலும் வழங்கும் ஒரு குலப்பெயர், சீன எழுத்துகளின் ஒலிக்கட்டுப்பாட்டையும் மீறி அடையாளம் தெரியும் வகையில் அந்நூலில் நிற்கிறது.

மாகுவான் கூறும் செய்தி இன்பமளிப்பதன்று. முக்குவர் கடலோரத்திலேயே வாழவேண்டும். அவர்களுடைய குடிசை மூன்று சீன அடிக்கு மேல் உயரக்கூடாது, உயர்ந்தால் தண்டனை. மேலாடை கொப்பூழுக்குக் கீழும் கீழாடை முழங்காலுக்குக் கீழும் இறங்கக்கூடாது. வழியில் மேல்வகுப்பினரைக் கண்டால் தரையில் விழுந்து, அவர்கள் கடந்த பின்னரே எழவேண்டும். மீன்பிடித்தலும் சுமை தூக்குதலுமே அவர்களின் பிழைப்பு. போர்த்துக்கீசியர் வருவதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர், எந்தச் சமயப் பரப்பலுக்கும் தொடர்பில்லாத ஓர் அயல்நாட்டு இசுலாமியர் எழுதிய குறிப்பு இது. பதினாறாம் நூற்றாண்டில் கரையோர மக்களுள் பலர் கிறித்தவத்தை ஏற்றதன் காரணத்தை ஆராய்வோர் முதலில் படிக்கவேண்டியது மூன்றடிக் குடிசை பற்றிய இப்பகுதியையே.

சீனவலை

மாகுவானின் நூல் மிளகுச் சாகுபடியையும் பருவமழையையும் யோகிகளையும் விரிவாகக் கூறுகிறது. ஆனால் இன்று கொச்சியின் அடையாளமாகவே ஆகிவிட்ட சீனவலையைப் பற்றிக் கூறவில்லை. தன் நாட்டு வலை அயல்நாட்டுக் கரையில் இருந்திருந்தால் பயணி ஒருவர் குறிப்பிடாமல் விட்டிருப்பாரா என்ற வினா எழுவது இயல்பு. குறிப்பிடாமையை மட்டும் கொண்டு இல்லாமையை நிறுவ முடியாது என்பதும் உண்மையே.

வலையின் அமைப்பு எளிது, ஆனால் நுட்பமானது. கரையில் நாட்டிய சட்டத்தின்மேல் சாய்ந்து நிற்கும் நெடிய மரம். அதன் கடல்நோக்கிய முனையில் நான்கு வளைந்த கழிகளில் கட்டித் தொங்கும் வலை. கரைநோக்கிய முனையில் கயிறுகளில் கட்டிய கனத்த கற்கள். குறைந்தது பத்து மீட்டர் உயரமுள்ள இவ்வமைப்பு, ஒருவர் முதன்மை மரத்தின்மேல் நடந்து சென்றாலே அவருடைய எடையால் நீருக்குள் இறங்கும் வண்ணம் சமன் செய்யப்பட்டது. சில நிமிடங்கள் கழித்துக் கயிறுகளை இழுத்தால் வலை மேலெழும். ஒரு வலையை இயக்க ஆறு பேர் வரை தேவைப்படும். வலை எழுந்த சில நிமிடங்களுக்குள் மீன் கரையிலேயே விலைபோய்விடும்.

இது செங் ஹோவின் கப்பல்கள் விட்டுச்சென்ற கொடை என்பது ஊரார் கூற்று. சுற்றுலாக் கையேடுகள் அதனை உறுதிசெய்யப்பட்ட செய்தியாகவே அச்சிடுகின்றன. மக்காவில் குடியேறியிருந்த போர்த்துக்கீசியக் குடும்பத்தினர் பின்னர்க் கொச்சிக்குக் கொண்டுவந்தனர் என்பது மற்றொரு கருத்து. மக்காவில் போர்த்துக்கீசியர் குடியேற்றம் 1557 அளவில் நிலைபெற்றது; ஆகவே இரு கருத்துகளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உள்ளது. வலையின் மர உறுப்புகள் சிலவற்றுக்கு வழங்கும் பெயர்கள் போர்த்துக்கீசியச் சொற்களே என்று கூறப்படுவது இரண்டாம் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. 'பிராசு' என்பதற்குக் கை எனப் பொருள்படும் 'பிராசோ' மூலமாகக் காட்டப்படுகிறது. ஆயினும் உறுப்பின் பெயர் போர்த்துக்கீசியமாக இருப்பதால் மட்டும் பொருளும் அவர்களோடு வந்தது என முடிவுகட்ட இயலாது. சாவிக்கும் சன்னலுக்கும் தமிழர் போர்த்துக்கீசியப் பெயரையே வழங்குகின்றனர். அவர்கள் வருவதற்குமுன் தமிழர் வீடுகள் பூட்டின்றியும் காற்றுவழி இன்றியும் இருந்தன என்று எவரும் கூறார்.

'சீன' என்ற அடையும் அவ்வாறே ஆராயத்தக்கது. மலையாளத்தில் சீனச்சட்டி, சீனபரணி. தமிழில் சீனாக்காரம், சீனி. இவற்றுள் சில உண்மையில் சீனத்திலிருந்து வந்தவை. சில அவ்வழியாக வந்தவை. சில கடல்கடந்து வந்த புதுமை என்ற அளவிலேயே அப்பெயர் பெற்றிருக்கலாம். பிற்காலத் தமிழில் 'சீமை' என்ற அடை ஆற்றும் பணியை இதனோடு ஒப்பிடலாம். சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். அதனைச் சீமை என்ற சொல்லைக் கொண்டு இங்கிலாந்திலிருந்து வந்ததாக நிறுவ முயல்வது எவ்வளவு பொருந்தாதோ, சீனவலையின் பிறப்பைப் பெயரை மட்டும் கொண்டு நிறுவுவதும் ஏறத்தாழ அவ்வளவே பொருந்தாது. சீனத் தென்கரையிலும் இந்தோசீனத்திலும் இவ்வகைத் தூக்குவலைகள் உண்டு என்பது பெயரைவிட வலுவான சான்று. அது மூலத்தைக் காட்டும். வந்த வழியையும் காலத்தையும் காட்டாது.

துறைமுக ஆழப்படுத்தலாலும் கப்பல் போக்குவரத்தாலும் மீன்வரத்துக் குறைந்து, கரையிலுள்ள வலைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. மரத்துக்குப் பதிலாக இரும்புக் குழாய் ஏறிய வலைகளும் உண்டு. மர உறுப்புக்குரிய பெயரை இரும்புக் குழாயும் பெறுமா, அல்லது 'குழாய்' என்றே அழைக்கப்படுமா என்பதை இப்போதே பதிவு செய்வது மொழியியலார் கடமை.

சவிட்டு நாடகத்தின் தமிழ்

கொச்சிக் கரை வழக்காறுகளுள் தமிழ் ஆய்வாளர் மிகுதியாகக் கவனிக்கவேண்டியதும், குறைவாகக் கவனித்துள்ளதும் சவிட்டு நாடகமே. இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கராகிய கரையோர மக்கள் நிகழ்த்தும் கூத்து இது. பலகை பரப்பிய மேடையில் நடிகர் தாமே பாடிக்கொண்டு, பலகை அதிரும்படி மிதித்து ஆடுவதால் இப்பெயர் பெற்றது. சவிட்டுதல் என்பது மிதித்தல். கோதுருத்து, பள்ளிப்புறம், கொச்சி, ஆலப்புழை எனக் கழிமுகங்களை ஒட்டிய ஊர்களில் இது வழங்கி வந்துள்ளது. 1599-இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் கிறித்தவர் தம் அயலாரின் சமயம் சார்ந்த கலைகளில் ஈடுபடுவதைத் தடைசெய்த பின்னர், அவ்விடத்தை நிரப்ப எழுந்த கலை இது என்பர். இதனை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து நூலெழுதியவர் சபீனா ராஃபி. அவருடைய 'சவிட்டுநாடகம்' 1964-இல் வெளிவந்தது.

இந்நாடகங்களின் மொழி மலையாளமும் தமிழும் கலந்தது; பழைய சுவடிகளில் தமிழே மேலோங்கி நிற்கிறது. நாடகம் பயிற்றுவிப்போன் ஆசான் எனவும் அண்ணாவி எனவும் அழைக்கப்படுகிறான். 'காறல்மான் சரிதம்' என்னும் புகழ்பெற்ற நாடகத்தை ஆக்கியவர் தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. தமிழ்நாட்டில் அருகிவிட்ட 'அண்ணாவி' என்ற சொல், யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்புப் பகுதிகளின் நாட்டுக்கூத்தில் இன்றும் உயிரோடு உள்ளது. கொச்சி, இலங்கை ஆகிய இரு கரைகளில் ஒரே சொல் ஒரே பணிக்கு நிற்பது தற்செயல் ஆகாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பதிப்பித்த ஈழத்து நாடகங்களுள் 'என்றீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' ஆகியன கத்தோலிக்கக் கூத்துகளே. 'எம்பரதோர்' பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல். கொச்சிச் சுவடிகளையும் ஈழத்துச் சுவடிகளையும் அருகருகே வைத்து யாப்பு, சொல், மேடைக்குறிப்பு ஆகியவற்றை ஒப்பிடும் பணி இரு தரப்பு ஆய்வுகளுக்கும் பயன்தரும்.

காறல்மானின் கதை பேரரசன் சார்லமேனும் அவனுடைய பன்னிரு வீரரும் துருக்கியரோடு பொருத கதை. போர்த்துக்கீசியர் சென்ற இடமெல்லாம் இக்கதையும் சென்றது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பே தீவில் 'ஃபுளோரிப்பெஸ்' நாடகமாக இன்றும் தெருவில் நிகழ்த்தப்படுகிறது. கார்லோஸ் மாக்னோ என்ற பெயர் கொச்சியில் காறல்மான் ஆனதில் இயல்பான ஒலிமாற்றத்தோடு வேறொன்றும் கலந்திருக்கக்கூடும். சேரமான், மலையமான் என்ற பெயர்களில் வரும் '-மான்' ஈறு அரசர்க்குரியது. சேரமான் பெருமாள் கதை வழங்கும் கரையில், அயல்நாட்டுப் பேரரசன் ஒருவன் '-மான்' பெறுவது கேட்போர்க்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும். இஃது ஊகமே எனினும் ஒதுக்கத்தக்கதன்று.

மலையாளக் கரையில் தமிழ் ஏன் கூத்துமொழியாயிற்று என்பதே அடிப்படை வினா. ஆசிரியர் தமிழர் என்பது ஒரு விடை. அது முழுமையான விடையன்று. தமிழர் எழுதினார் என்றால், கேட்டோர் எவ்வாறு ஏற்றனர்? இவ்விடத்தில் கொச்சியில் நிகழ்ந்த மற்றொரு செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். அண்டிரீக்கு அடிகளார் எனத் தமிழர் வழங்கும் என்ரிக்கே என்ரிக்கெஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579-இல், 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சானது கொச்சியில். இந்திய மொழி அச்சின் தொடக்கநூல்களாகிய இவற்றிற்கான செலவுக்கு நன்கொடை தந்தோர் முத்துக்குளித்துறைப் பரதவர். அப்பரதவரின் பட்டங்கட்டிகள் 1530-களின் நடுப்பகுதியில் தம் இடர் நீங்கப் போர்த்துக்கீசியரின் உதவி நாடிச் சென்ற இடமும் கொச்சியே. தமிழில் முதலில் அச்சேறியவை புலவர் நூல்களோ அரசவை நூல்களோ அல்ல. மீனவர் பணத்தில், மீனவர் படிப்பதற்காக அச்சான நூல்கள் என்பதைத் தமிழ் அச்சு வரலாறு இன்னும் அழுத்தமாகக் கூறவேண்டும்.

தூத்துக்குடி முதல் கொச்சி வரையிலான கரை அக்காலத்தில் ஒரே சமயப்பணி வட்டமாக இயங்கியது. அவ்வட்டத்தில் எழுத்துமொழியாக முதலில் நிலைபெற்றது தமிழ். அர்ணோஸ் பாதிரி போன்றோர் மலையாளத்தில் கிறித்தவக் கவிதை இயற்றியது அடுத்த நூற்றாண்டுகளில். அவர் மறைந்தது 1732-இல். எனவே சவிட்டு நாடகத்தின் தமிழ், வெளியிலிருந்து வந்த ஒரு தனி ஆசிரியரின் மொழி என்பதைவிட, கரையோரத் திருச்சபையின் பழைய எழுத்துமொழி கூத்தில் உறைந்து நின்ற வடிவம் எனக் கொள்வதே பொருத்தம்.

இங்குப் பதிப்பாசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தமிழறிந்தோர் இச்சுவடிகளைக் காணும்போது 'சிதைந்த தமிழ்' என்றும், மலையாளம் அறிந்தோர் காணும்போது 'புரியாத மலையாளம்' என்றும் கருதித் திருத்த முற்படுவர். நடிகர் பலர் பொருள் முழுதும் விளங்காமலேயே மனப்பாடம் செய்து பாடிய பாடல்கள் இவை. அதனாலேயே வாழும் மொழியில் மாறிவிட்ட பழைய ஒலிகளும் விகுதிகளும் இவற்றில் மாறாமல் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி. செந்தமிழாக்கிப் பதிப்பித்தால் படிக்க எளிதாகும், சான்று அழியும். ஒரு சுவடியின் பிழையாகத் தோன்றுவது மற்றொரு சுவடியிலும் அதே இடத்தில் வந்தால் அது பிழையன்று, வழக்கு. பெயர்த்தெழுதிய ஆசான்மார் வழிவழியாகக் காத்த எழுத்தை அச்சுக்காகத் திருத்துவதற்குமுன், உள்ளது உள்ளவாறே ஒரு படியெடுத்து வைப்பது குறைந்தபட்ச நேர்மை.

காப்பிரி முத்தப்பன்

மட்டாஞ்சேரியின் மங்காட்டுமுக்குப் பகுதியில் உருவம் ஏதுமற்ற ஒரு சிறு வழிபாட்டிடம் உள்ளது. அங்கு மெழுகுத்திரியும் விளக்கும் ஏற்றுவோர் ஒரு சமயத்தினர் மட்டும் அல்லர். படையல் சுருட்டு, கள் அல்லது சாராயம், புட்டு, முட்டை, இறைச்சி. வழிபடப்படுவோன் காப்பிரி முத்தப்பன்.

கதை வருமாறு. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கருப்பின அடிமைகளைக் கொச்சிக்குக் கொண்டுவந்தனர். 1663-இல் ஒல்லாந்தர் நகரைத் தாக்கியபோது, ஓடவேண்டிய நிலையிலிருந்த செல்வர் தம் பொன்னையும் பொருளையும் சுவரிலும் மரத்தடியிலும் புதைத்து, காவலுக்கு ஓர் அடிமையைக் கொன்று அதனோடு புதைத்தனர். திரும்பி வருவோம் என்றனர், வரவில்லை. கொல்லப்பட்டவன் ஆவி இன்றும் காவல் நிற்கிறது. இரவில் மதில்மேல் அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, சுருட்டுப் புகைப்பவனாகவும், வழிதவறியோர்க்கு வழிகாட்டுவோனாகவும் அவனைக் கண்டதாகக் கூறுவர். ஊரில் ஒருவர் திடீரெனச் செல்வரானால், காப்பிரி புதையலைக் காட்டிவிட்டான் என்பதும் உண்டு.

சுவர்தோறும் அடிமைகள் புதைக்கப்பட்டனர் என்று இக்கதையைக் கொண்டு வரலாறு எழுத இயலாது. ஆனால் கதையின் அடித்தளம் ஐயத்துக்குரியதன்று. மொசாம்பிக் கரையிலிருந்து கோவாவுக்கும் கொச்சிக்கும் அடிமைகள் கொணரப்பட்டது வரலாறு. புதையலைக் காக்கப் பலியிடப்பட்டோர் பூதமாவதும், கொலையுண்டோர் தெய்வமாவதும் தமிழ்ப் பகுதியில் நன்கு அறியப்பட்ட மரபு. நெல்லை, குமரி மாவட்டக் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை, அநீதியாகக் கொல்லப்பட்டோர் தெய்வமாக்கப்படுவதைப் பலவாறு விளக்கியுள்ளார். சுடலைமாடனுக்குச் சுருட்டும் சாராயமும் படைப்போர்க்குக் காப்பிரியின் படையல் வியப்பளிக்காது. வடமலபாரில் பறசினிக்கடவு முத்தப்பனுக்குக் கள்ளும் மீனும் படைக்கப்படுகின்றன. மக்கள் தாம் அறிந்த மரபின் சட்டகத்தில் ஓர் அயலானின் சாவைப் பொருத்தி, அவனைத் தம் மூதாதையருள் ஒருவனாக்கியுள்ளனர். 'முத்தப்பன்' என்ற சொல்லின் பொருள் அதுவே.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவது பெயரின் முற்பகுதி. இறைமறுப்போர் எனப் பொருள்படும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லை முசுலிம் வணிகர் கிழக்கு ஆப்பிரிக்க மக்களுக்கு வழங்கினர். அது போர்த்துக்கீசியத்தில் 'காஃப்ரே' ஆயிற்று. மலையாளத்தில் காப்பிரி, தமிழிலும் காப்பிரி, சிங்களத்திலும் அதன் திரிபு. புத்தளம் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் அப்பெயராலேயே அறியப்படுகின்றனர். அதே சொல் தென்னாப்பிரிக்காவில் இழிவசையாகி, இன்று சட்டத்தின்முன் நிறுத்தக்கூடிய சொல்லாகிவிட்டது. கொச்சியில் அச்சொல்லைச் சொல்வோர் கைகூப்பிச் சொல்கின்றனர். மூலத்தில் வழிபாட்டுச் சொல்லாக இருப்பதை ஆங்கிலத்தில் ஒலிபெயர்த்தால் வசையின் ஒலி கேட்கும். 'கருப்பன்' என்றோ 'ஆப்பிரிக்கத் தாத்தா' என்றோ மாற்றினால், அடிமை வணிகம் சூட்டிய பெயர் என்ற தடயமே மறையும். ஒலிபெயர்த்து, முதல் வரவிலேயே கதையின் ஓட்டத்துக்குள் விளக்குவதே ஏற்புடையது.

மலபாரில் ஆப்பிரிக்கர் அடிமைகளாக இருந்த காலத்தைத் தொடர்ந்து, மலபாரில் பிடிக்கப்பட்டோர் ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளாகச் சென்றனர். ஒல்லாந்தக் கம்பெனி அவர்களை நன்னம்பிக்கை முனைக்கும் படேவியாவுக்கும் அனுப்பிற்று. முனையின் பதிவேடுகளில், எசமானர் இட்ட புதுப்பெயரோடு 'மலபாரைச் சேர்ந்த' என்ற அடை மட்டும் அவர்களுக்கு எஞ்சியது. கொச்சி அரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1854-இல்தான். மூன்றடிக் குடிசைக்குள் குனிந்து புகுந்த மக்களின் வழித்தோன்றல்களே தமக்கும் கீழே சங்கிலியில் நின்ற ஒருவனுக்கு விளக்கேற்றினர் என்று எண்ண இடமுண்டு; விளக்கு யார் ஏற்றியது என்பதற்கு ஆவணம் தேடுவது வீண்.

மலையாளப் புனைகதை இவ்வழக்காற்றைக் கைக்கொண்டுள்ளது. ஜானி மிராண்டாவின் குறுநாவல் 'ஜீவிச்சிரிக்குன்னவர்க்கு வேண்டியுள்ள ஒப்பீஸ்' 2004-இல் வந்தது. போர்த்துக்கீசியக் கலப்பு வழியினரின் வாழ்வையும் காப்பிரி நம்பிக்கையையும் அது காட்டுகிறது. சஜய் ஜோஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வெளியாயிற்று. தலைப்பிலுள்ள 'ஒப்பீஸ்' இறந்தோர்க்கான மன்றாட்டைக் குறிக்கும் போர்த்துக்கீசிய 'ஒஃபீசியோ'வின் திரிபு. ஆங்கிலத்தில் அதற்கு இலத்தீன் மரபிலிருந்து வேறொரு சொல் இடப்பட்டது. பொருள் காக்கப்பட்டது, கொச்சி வீடுகளில் உருண்டு தேய்ந்த ஒலி போய்விட்டது. ஆங்கிலத்தில் அதற்கு வேறு வழியும் எளிதில் இல்லை. தமிழாக்கம் செய்வோர்க்கு அந்த நெருக்கடி இல்லை: 'ஒப்பீஸ்' என்றே வைக்கலாம். தமிழ்க் கத்தோலிக்கரின் செவிக்கு இத்தகைய திரிபுகள் பழகியவையே.

கொச்சியில் பேசப்பட்ட போர்த்துக்கீசியக் கலப்புமொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010-இல் வைப்பினில் காலமானார். ஐந்து நூற்றாண்டுகள் பேசப்பட்ட மொழி அது. அதன் சொற்கள் இனி மலையாளத்தின் உள்ளிருந்தும், வலைமரத்தின் உறுப்புப் பெயர்களிலிருந்தும், மங்காட்டுமுக்கில் சுருட்டு வைத்து அழைக்கப்படும் ஒரு பெயரிலிருந்தும் மட்டுமே கேட்கப்படும்.